பஸ்ஸுக்குப் போகிற வழி

பிரான்ஸில் நடக்கிற ப்ளூனெவான் சைக்கிள் பந்தயத்தை ஜில்தாஸ் கேரே இதுவரை பதின்மூன்று முறை ஓட்டியிருக்கிறான். ஒருமுறைகூட முடித்ததில்லை. சோம்பேறி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அவன் வேலையே அப்படி. அணியில் ஜெயிப்பதற்கென்று ஒருவன் இருப்பான். அவனுக்கு முன்னால் ஓட்டி எதிர்காற்றைத் தாங்கிக்கொள்ளவும், பின்னால் வருகிற காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுக்கவும், அவன் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மழையில் நிற்கவும் மற்றவர்கள் இருப்பார்கள். ஜில்தாஸ் அந்த மற்றவர்களில் ஒருவன்.

நூற்று எழுபது கிலோமீட்டர் மாடாக உழைக்க வேண்டும். கடைசியில் பந்தயம் ஊரைச் சுற்றி மூன்று சுற்றுப் போகும். அந்தச் சுற்றுக்குள் தலைவனைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டால் கடமை முடிந்தது, அதற்குமேல் எவனும் அவனைத் தேடமாட்டான். எல்லைக்கோட்டுக்கு இருநூற்றைம்பது மீட்டர் முன்னால், பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி வலது பக்கமாக ஒரு சந்து போகிறது. அணிகளின் பஸ்கள் அந்தச் சந்துக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் நிற்கும். வேலை முடிந்தவர்கள் அங்கே திரும்பி, துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறிவிடுவார்கள். ஜெயித்தது யார் என்பதை உள்ளே இருக்கும் டிவியில் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வருஷத்தோடு சரி என்று அவன் முடிவு செய்திருந்தான். முப்பத்தைந்து வயது. ஆசை ஒன்றுதான், பெரிய ஆசைகூட இல்லை. ஒரே ஒரு பந்தயம், எந்தக் குப்பைப் பந்தயமானாலும் சரி, ஒன்றை ஜெயித்துவிட்டு நிறுத்த வேண்டும். அவன் தொழிலைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் அடுத்த கேள்வியாக அதைத்தான் கேட்டுத் தொலைத்தார்கள். பல் டாக்டர் வாய்க்குள் கம்பியை விட்டுக்கொண்டே, எத்தனை ஜெயிச்சிருக்கீங்க என்றார். வாயைத் திறந்தபடி என்ன பதில் சொல்வது? ஒன்றுமில்லை என்றால் ஜனங்கள் பாவமாகப் பார்க்கிறார்கள். விளக்க ஆரம்பித்தால் இன்னும் பாவமாகப் பார்க்கிறார்கள்.

சீசனில் மிச்சம் இருந்தவை நாலு பந்தயங்கள். மற்ற மூன்றும் மலைப் பக்கம், அங்கே அவனுக்கு வேலையே இல்லை. ஆக, வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் நடக்கிற ப்ளூனெவான்தான் கடைசி வாய்ப்பு. மனைவி நோல்வென் முதல்முறையாக வேலைக்கு லீவு போட்டுவிட்டு, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அங்கே நிற்கப்போவதாகச் சொன்னதே ஜில்தாஸுக்கு எரிச்சலாக இருந்தது. வந்து என்னத்தைப் பார்க்கப் போகிறாள்?

காலையில் அணி மேலாளர் பத்ரிஸ் வழக்கம்போல எல்லாருக்கும் வேலை பிரித்தார். தலைவன் ஆன்செல்ம், இருபத்திரண்டு வயது, வேகமான கால், நல்ல பையன். அதுதான் தொல்லையே. கெட்ட பையனாக இருந்தாலாவது மனசாரத் திட்டலாம். முதலில் யாராவது தப்பித்து முன்னால் போனால் ஜில்தாஸ் அவர்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் முன்னால் போய்க் காற்றைத் தாங்கி இழுக்கக் கூடாது, பின்னாலேயே உட்கார்ந்து வர வேண்டும், ஆன்செல்ம் வந்து சேர்ந்ததும் அவனுக்காக உயிரை விட வேண்டும். இதுதான் உத்தரவு.

ஐந்து பேர் முன்னால் போனார்கள். ஜில்தாஸ் ஐந்தாவது ஆள். மற்ற நாலு பேரும் முறைவைத்து இழுக்க, இவன் நூறு கிலோமீட்டர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தான். வெட்கக்கேடு. ஓசிச் சவாரி, ஒட்டுண்ணி, மாமியார் வீட்டுக்கு வந்தவன் என்று அவர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளாததுபோல் நடித்தான். பிறகு பண்ணைகளுக்கு நடுவே போகிற மண் பாதை வந்தது. காலையில் பெய்த மழையில் மண் கூழாகிக் கிடந்தது. இருவர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒருவனுக்குச் சங்கிலி அறுந்தது. கடைசியாக மிஞ்சியவன் ஒரு நெடிய பெல்ஜியக்காரன். அவனும் ஒரு சின்ன மேட்டில் நாக்குத் தள்ளிப்போய், தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். ஜில்தாஸ் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. நூறு கிலோமீட்டர் ஓசியில் வந்த கால் கல் மாதிரி திடமாக இருந்தது.

ஊர்ச் சுற்றுக்குள் நுழைந்தபோது பின்னால் வருகிறவர்களோடு இடைவெளி ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. இந்தத் தரத்துப் பந்தயத்தில் காதில் ரேடியோ மாட்ட அனுமதி இல்லை. மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் கரும்பலகையில் இடைவெளியை எழுதிக் காட்டுவான், மற்றதையெல்லாம் மேலாளர் காரை ஒட்டிக் கொண்டுவந்து கத்தித்தான் சொல்ல வேண்டும். பத்ரிஸ் முதல் சுற்று முடிவதற்குள் காரை ஒட்டிக் கொண்டுவந்து கண்ணாடியை இறக்கினார்.

"போதும்டா, காலைத் தளர்த்து. பின்னால வர்ற எட்டு பேர்ல ஆன்செல்ம் இருக்கான். நீ பின்னால வந்து அவனுக்கு இழுத்துக் குடு."

"மாட்டேன்."

பத்ரிஸுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. பதின்மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை இந்த வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை.

"மாட்டேன்னு சொன்னேன். அவன் ஜெயிக்க இன்னும் பத்து வருஷம் இருக்கு. எனக்கு இன்னிக்கு மட்டும்தான் இருக்கு."

"கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? மென்னு துப்பிட்டுப் போவானுங்க உன்ன."

"துப்பட்டும்."

பத்ரிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஒரு பாட்டில்கூடக் கொடுக்கவில்லை. அவரிடம் கேட்கவும் ஜில்தாஸுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மிச்சத்தைத் தாகத்தோடு ஓட்டினான். இடைவெளி ஒரு நிமிஷத்துக்குக் கீழே இறங்கியதும், விதிப்படி நடுவர்கள் அணிக் கார்களையெல்லாம் நடுவிலிருந்து விலக்கிப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜில்தாஸுக்கு முன்னால் வழிகாட்டுகிற மோட்டார் சைக்கிளும் அதன் சிவப்பு விளக்கும் மட்டும்தான் இருந்தன.

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தபோது பலகையில் ஐம்பத்திரண்டு வினாடி. பால் பண்ணைத் திருப்பத்தில் நாற்பத்தைந்து. மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது நாற்பது. கணக்குப் போடத் தெரிந்த எவனுக்கும் தெரியும், இது போதும். அவனுக்கும் தெரிந்தது. வாய் உப்புக் கரித்தது, கண்ணில் சேறு, தொடை இரண்டும் தன்னுடையவை இல்லை என்பதுபோல் ஆகிவிட்டன. கடைசி ஆயிரம் மீட்டருக்கான சிவப்பு வளைவைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான். பார்த்தால் தூரம் கூடும் என்ற பயம். சிவப்பு விளக்கை மட்டும் பார்த்தான். அது போகிற இடத்துக்குப் போனால் போதும்.

விளக்கு வலது பக்கம் திரும்பியது.

திரும்பத்தான் செய்யும். வண்டிகள் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது, கடைசியில் எல்லாம் அந்தச் சந்துக்குள்தான் ஒதுங்கும். ஓட்டுகிறவன் நேராகப் போக வேண்டும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சந்து முனையில் மஞ்சள் சட்டை போட்ட ஊர்த் தொண்டர் ஒருவர் கொடியோடு நின்றார். ஜில்தாஸ் அவரைப் பார்த்தான். வழக்கம்போலக் கையைத் தூக்கி நன்றி சொன்னான். வலது பக்கம் திரும்பினான்.

சந்து, மதில், மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிற பேரிக்காய் மரம், பிறகு மைதானம். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பஸ் வாசலில் கால் பிடித்துவிடுகிற ஒதீல் வாளியும் துண்டுமாக நின்றாள். அவனைப் பார்த்ததும் துண்டை நீட்டினாள்.

"என்ன ஜில், விட்டுட்டியா?"

அவன் துண்டை வாங்கிவிட்டான். பாவி மனுஷன், வாங்கி முகத்தைக்கூடத் துடைத்துவிட்டான். அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் அவன் பெயர் கேட்டது. வருகிறார், நம்ம ஊர்க்காரர், ஜில்தாஸ் கேரே, இதோ வருகிறார் என்று அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

ஜில்தாஸ் சைக்கிளைத் திருப்பினான். கால் பெடலில் மாட்டவில்லை, வழுக்கியது, மறுபடியும் வழுக்கியது. சந்துக்குள் எதிரே மோட்டார் சைக்கிள்களும் நடுவர்களின் கார்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மதிலோடு உரசிக்கொண்டு, கெட்ட வார்த்தையாகக் கத்திக்கொண்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்தான். அவன் சந்து வாயை எட்டும்போது அந்த எட்டுப் பேரும் அவன் மூக்குக்கு முன்னால் விர்ரென்று போனார்கள். ஆன்செல்ம் மூன்றாவதாக இருந்தான்.

ஆன்செல்ம் ஜெயித்தான். ஜில்தாஸ் ஒன்பதாவது. தொழிலில் முதல்முறையாக ப்ளூனெவானை முடித்துவிட்டான் என்று எவனாவது வாழ்த்தியிருந்தால் அங்கேயே கொலை விழுந்திருக்கும்.

நோல்வென் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. எங்கேயோ விழுந்து அடிபட்டுவிட்டான் என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

"உன் பேரச் சொன்னாங்க. எல்லாரும் ரோட்டையே பாத்துட்டு நின்னோம். ரோடு காலியா இருந்துச்சு ஜில்தாஸ். யாருமே வரல."

"அந்த மோட்டார் சைக்கிள்காரன் என்னத் திசை திருப்பிட்டான். புகார் குடுக்கப்போறேன். விடமாட்டேன் அவன."

சொல்லச் சொல்ல அதுதான் உண்மை என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்தது. மோட்டார் சைக்கிள்காரன் சைகை காட்டவில்லை, அம்புக்குறி சரியாக இல்லை, தொண்டர் தடுக்கவில்லை. யாரோ ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும்.

பத்ரிஸ் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கார்கள் பின்னால் ஒதுக்கப்பட்டிருந்ததால் அவர் எதையுமே பார்க்கவில்லை. கடைசி மீட்டர்களில் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். நீ முன்னால் போனதால்தான் மற்றவர்கள் துரத்திச் செத்தார்கள், ஆன்செல்ம் சும்மா உட்கார்ந்து வந்து ஜெயித்தான், உன்னைப்போல வேலை பார்க்க ஒருத்தன் பிறக்கவில்லை என்று முதுகில் தட்டினார். புகாராவது ஒன்றாவது, அணி ஜெயித்திருக்கிறதே, எதற்குக் கிளற வேண்டும் என்றார். மேடையிலிருந்து இறங்கிய ஆன்செல்ம் கண் கலங்க, தனக்குக் கொடுத்த பூங்கொத்தை ஜில்தாஸ் கையில் திணித்தான். இது உன்னுடையதுதான் என்றான். பையன் மனசாரத்தான் சொன்னான். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பூங்கொத்தோடு நடுவர்களின் கேரவனுக்குப் போனான். கீழே போட இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். தலைமை நடுவர் ஓர் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவன் கொட்டியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த முனையில் நின்ற தொண்டரைக் கூட்டிவரச் சொன்னார்.

மஞ்சள் சட்டைக்காரர் பெயர் எர்வே. ஊரில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறார். கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிப் பிசைந்தபடி உள்ளே வந்தார். நடுவர் அம்மா, ஓட்டுகிறவர்களை நேராக அனுப்பக் கொடியை நீட்டினீர்களா என்று கேட்டார்.

"நீட்டிட்டுத்தாங்க நின்னேன். இவரு வர்றதப் பாத்துட்டு நான்தான் எறக்கி வழி விட்டேன்."

"ஏன் எறக்குனீங்க?"

எர்வே ஜில்தாஸைப் பார்த்தார்.

"பத்து வருஷமா அந்த முனையிலதாங்க நிக்கிறேன். வருஷா வருஷம் இவரு அங்கதான் திரும்புவாரு. திரும்பும்போது கையத் தூக்கி நன்றி சொல்ற ஒரே ஆளு இவருதான், அதனால மொகம் நல்லாப் பழக்கம். இன்னிக்கும் கையத் தூக்குனாரு. வேல முடிஞ்சு பஸ்ஸுக்குப் போறாருன்னு நெனச்சுட்டேங்க."

"ஒலிபெருக்கியில என் பேரச் சொல்லிக்கிட்டே இருந்தானே, காது கேக்கலயா உமக்கு?" ஜில்தாஸ் கத்தினான். பூங்கொத்திலிருந்து ஏதோ இதழ் உதிர்ந்தது. "எனக்கு முன்னால ஒருத்தன்கூடப் போகலயே, அதாவது தெரிஞ்சுச்சா? நான் ஜெயிச்சிருப்பேன்யா. புரியுதா? ஜெயிச்சிருப்பேன்."

எர்வே தலையைக் குனிந்துகொண்டார். பெரிய உடம்பு, சின்னப் பிள்ளை மாதிரி நின்றார்.

"மன்னிச்சிருங்க. நீங்கதான் மொதல்ல வர்றீங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

ஜில்தாஸ் வாயைத் திறந்தான். அந்த ஆளைக் கிழிகிழி என்று கிழிக்க நினைத்தான். ஆனால் சந்து முனையில் அந்த ஒரு வினாடி அவனுக்கும் அது தோன்றியிருக்கவில்லை. சைக்கிளை வளைத்தது மோட்டார் சைக்கிள்காரன் இல்லை. துண்டுக்குக் கை நீட்டியதும் இந்த இறைச்சிக் கடைக்காரர் இல்லை.

நடுவர் அம்மா ஒரு படிவத்தை அவன் பக்கம் தள்ளி, பேனாவையும் வைத்தார்.

"புகார் எழுதுறீங்களா, மிஸ்யே கேரே?"

"வேண்டாம்," என்றான் ஜில்தாஸ்.