பள்ளிக்குப் போன அறைகள்

பெக்கெட் ரன் ஊரில் முதலில் வீட்டை விட்டுப் போனது லொரீன் ஹஃபேக்கரின் சாப்பாட்டு அறை. அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தட்டுகளை எடுக்க அடுக்களையிலிருந்து திரும்பியவர், கதவு இருந்த இடத்தில் வெறும் சுவரைக் கண்டார். வெளியே வந்து பார்த்தால் வீடு பதினோரு அடி குறைந்திருந்தது. விரிசல் இல்லை, பெயர்ந்த பலகை ஒன்றுமில்லை. காப்பீட்டு ஆள் இரண்டு முறை அளந்துவிட்டு, சேதம் எதுவும் இல்லாததால் இழப்பீடும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மதியம் ஊர்ப் பள்ளியின் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். “உங்க சாப்பாட்டு அறை இங்க இருக்கு, மிசஸ் ஹஃபேக்கர். மூணாம் வகுப்பு இப்ப அதுலதான் உக்காந்திருக்கு.”

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையோரச் சோயா வயலில் ஹெரான் மெடோஸ் என்று இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் எழும்பின. கட்டுபவரை ஊருக்கு இழுப்பதற்காக, அந்த வீடுகளுக்குப் பதினைந்து ஆண்டு வரிவிலக்கு என்று ஊர் மன்றம் எழுதிக் கொடுத்திருந்தது. வீடுகளோடு பிள்ளைகளும் வந்தார்கள். பத்தொன்பது பேர் இருந்த வகுப்பில் முப்பத்துநான்கு பேர் ஆனார்கள். நூலகத்தில் ஒரு வகுப்பு, மேடைத் திரைக்குப் பின்னால் இன்னொன்று. பள்ளி வரியை உயர்த்தக் கேட்ட வாக்கெடுப்பு இரண்டு முறை தோற்றது. இரண்டு முறையும் லொரீன் வேண்டாம் என்றே வாக்களித்திருந்தார். தானிய ஆலையில் முப்பது ஆண்டு எடைமேடை பார்த்து ஓய்வு பெற்ற விதவை அவர். வரும் ஓய்வூதியம் ஏற்கெனவே வரிக்கும் குளிர்கால எரிவாயுவுக்கும் சரியாக இருந்தது.

சண்டை போடும் எண்ணத்தோடுதான் பள்ளிக்குப் போனார். தாழ்வாரத்தின் கோடியில், நீலப் பேரிக்காய்கள் அச்சிட்ட தன் சுவர்த்தாளோடும் செர்ரிமர மேசையோடும் அறை நின்றது. மேசையைச் சுற்றி இருபத்திரண்டு பிள்ளைகள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடி அலமாரியிலிருந்த பீங்கான்களை மட்டும் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டார். அன்று மட்டும் அழுதார்.

கிறிஸ்துமஸுக்குள் பதினோரு அறைகள் போயின. ஒருவருடைய தையலறை இசை வகுப்பானது. ஒருவருடைய வேட்டை அறை, சுவரில் மான் தலையோடு, ஐந்தாம் வகுப்பானது. எல்லாமே பழைய வீடுகளின் அறைகள். ஹெரான் மெடோஸிலிருந்து ஓர் அலமாரிகூடப் போகவில்லை, விலக்கு விலக்குதான். பழைய ஊர்க்காரர்கள் மளிகைக் கடையில் புதியவர்களுக்கு முகம் கொடுக்காமல் போகத் தொடங்கினார்கள்.

பிப்ரவரியில் பள்ளிக் குழு உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் போட்டது. தலைவர் கேரி வெண்டல், லொரீன் டயப்பர் மாற்றி வளர்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளை.

“அறையத் திருப்பிக் கேக்க வரல, கேரி” என்றார் லொரீன். “அதுல புள்ளைங்க படிக்குது, படிக்கட்டும். ஆனா நான் நின்னுக்கிட்டு சாப்பிடுறேன். அந்த இருநூத்திப் பன்னெண்டு வீடும் முழுசா நிக்குது. அத மட்டும் சொல்லிட்டுப் போறேன்.”

ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுக்கு, தன் கை கட்டப்பட்டிருக்கிறது என்றார் கேரி. அப்போது பின்வரிசையில் பிஷ்ணு தமாங் எழுந்தார். கிடங்கில் வேலை; நேபாளி பேசுபவர்; ஹெரான் மெடோஸில் பதினெட்டாம் எண் வீடு; மகள் மூன்றாம் வகுப்பு.

“வரி கிடையாதுன்னாங்க, கையெழுத்துப் போட்டேன்” என்றார். “அப்ப என் பொண்ணு படிப்புக்கு யார் குடுக்குறாங்கன்னு நான் கேக்கல. இப்ப தெரியுது, இந்தம்மாதான். என் வீட்டுல ரெண்டு கார் நிறுத்த இடம் இருக்கு. கார் ஒண்ணுதான். பாதிய எடுத்துக்கங்க.”

“தானா குடுக்குறதுக்குச் சட்டத்துல வழி இல்லையே, மிஸ்டர் தமாங்.”

“என் அறை போனதுக்கு எந்தச் சட்டத்துல வழி இருந்துச்சு?” என்றார் லொரீன். கூட்டம் சிரித்தது, கேரியும் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை பிஷ்ணுவின் கார்க் கொட்டகையில் பாதி, எண்ணெய்க் கறையோடு, பள்ளியின் கிழக்குப் பக்கத்தில் நின்றது. அது ஓவிய வகுப்பானது. வசந்தம் முடிவதற்குள் ஹெரான் மெடோஸில் நூற்று நாற்பது வீடுகள் ஏதோ ஒன்றைக் கொடுத்தன: விருந்தினர் அறை, சலவை அறை, யாரும் உட்காராத முன்கூடம். மற்றவர்கள் தரவில்லை; அவர்களை யாரும் வற்புறுத்தவுமில்லை. கொடுக்கும் கைகள் பெருகியதும் பழைய வீடுகளிலிருந்து முழு அறைகள் போவது நின்றது. ஆண்டுக்கு ஒரு சாண் மாடிப்படி, அரை அலமாரி என்ற அளவோடு சரி. லொரீன் தன் படுக்கையறையைப் பாதியாகத் தடுத்து, இரண்டு பேர் உட்காரும் மேசை ஒன்று போட்டுக்கொண்டார். நவம்பரில் நடந்த மூன்றாவது வாக்கெடுப்பில் வரி உயர்வு நானூறு வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அவரும் ஆம் என்றே குத்தினார்.

தீயணைப்பு ஆய்வாளர் மூன்று முறை வந்து, பள்ளிக் கட்டடம் உறுதியானது என்று சான்று தந்திருக்கிறார். இப்போதெல்லாம் பெக்கெட் ரன்னில் வீடு விற்பவர்கள் விளம்பரத்தில் சேர்த்தே போடுகிறார்கள்: நான்கு அறைகள், அதில் ஒன்று பள்ளியில். வாங்க வருகிறவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. அங்கே எந்த வகுப்பு நடக்கிறது என்று மட்டும் கேட்கிறார்கள்.