தூணை உட்காரச் சொன்னவர்கள்

எங்கள் கால்பந்து கிளப்பின் தலைவர் பதவியை விட்டுப் போகிறார் என்ற செய்தி, கிளப்புக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. என் வீட்டு மாடி ஜன்னலும் எதிரே அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் என்ன செய்வது? திரைச்சீலையை இழுத்து விடுவது அவர்கள் பொறுப்பு.

மனிதர் மெத்தைக் கடை வைத்திருப்பவர். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் விற்ற மெத்தையில்தான் படுத்துப் புரள்கிறோம். ஊரையே படுக்க வைத்தவருக்கு உட்காரத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. மற்ற கிளப் தலைவர்கள் எல்லாம் கண்ணாடி அறைக்குள் காலை நீட்டிக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள். இவர் எங்களோடு கிழக்கு கேலரியில், நாலாவது வரிசையில், மனைவி சகிதம் வந்து உட்காருவார். பந்து நடுக்கோட்டைத் தாண்டியதோ இல்லையோ, எழுந்துவிடுவார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்குத் தோதான அகலம், எந்தக் காலத்திலும் கழற்றாத ஒரு பழுப்புக் கோட். பின்னால் இருப்பவர்களுக்கு எதிரணி கோல் கம்பம் கிரகணம் பிடித்த மாதிரி மறைந்து போகும். அதனால்தான் அவருக்குத் தூண் என்று பெயர்.

தூண் எழுந்ததும், அவருக்கு நேர் பின்னால் உட்காரும் சலூன்காரர் "உக்காருய்யா!" என்று ஆரம்பித்து வைப்பார். உடனே கேலரி மொத்தமும் மூன்று தட்டுத் தட்டி "உக்காரு, உக்காரு, உக்காருய்யா!" என்று பிடித்துக்கொள்ளும். கோல் கம்பம் பளிச்சென்று தெரிகிற கடைக்கோடி ஆட்கள்கூடக் கத்துவார்கள். அவர்களுக்கு என்ன மறைத்தது என்று யாரும் கேட்டதில்லை. தூண் திரும்பிப் பார்க்காமலே, மன்னிச்சுக்கோங்க என்பதுபோல் ஒரு கையை உயர்த்திவிட்டு உட்காருவார். பந்து மறுபடி தாண்டும், அவர் மறுபடி எழுவார், நாங்கள் மறுபடி கத்துவோம். பதினெட்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. ஆட்டம் எப்படிப் போனாலும் இதற்குக் குறை வந்ததில்லை.

பதவி விலகக் காரணம் முழங்கால். இனிமேல் அதிகம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒரு கேலரியே இத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொன்னதைக் கேட்காதவர், ஒரே ஒரு டாக்டர் சொன்னதும் கேட்டுவிட்டார்.

அந்த வாரம் அவர் மனைவி படுக்கை விரிப்புகளைக் காயப்போட வந்தபோது, தற்செயலாக நானும் சந்துக்கு இந்தப் பக்கம் எங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். தற்செயலாகத்தான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆனா வெளியே போகக் கூடாது," என்றாள்.

"என் வாயிலேருந்தா?"

"அதனாலதான் யோசிக்கிறேன். உங்க பையன் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறான்.

"மனுஷன் ராத்திரி தூங்கறதே இல்லக்கா. கடையில உள்ளதுலயே நல்ல மெத்தையாப் போட்டும் தூக்கம் இல்ல. நான் போனப்புறம் ஒருத்தராவது என்னைத் தேடுவாங்களான்னு கேக்கறாரு. ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சு வந்ததும் ஷூவைக் கூடக் கழட்டாம, இன்னைக்கு நல்லாக் கத்தினாங்கடின்னு சொல்லுவாரு. டீம் தோத்திருந்தாலும் அன்னைக்கு ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுவாரு."

"திட்டு வாங்கினதுக்கா சந்தோஷம்?"

"அவருக்கு அது திட்டு இல்ல. அத்தனை பேரு ஒரே குரல்ல என்கிட்ட பேசறாங்க, வீட்டுல நீகூட இவ்வளவு பேசமாட்டேங்கறேன்னு சொல்லுவாரு. கடைசி மேட்ச்ல எப்படிக் கத்தப்போறாங்கன்னு இப்பவே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு வேற எந்த மரியாதையும் வேண்டாம்."

"இதைச் சொன்னா பிரமாதமாக் கத்திடுவாங்களே."

"சொல்லிட்டா வேஷமாப் போயிடும்க்கா. அது தானா வரணும்."

நியாயந்தான். ஆனால் ஒரு சங்கதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கடைக்கு உப்பு வாங்கப் போனவள், வாயைத் திறக்கப் பயந்து எதுவும் கேட்காமலே திரும்பி வந்தேன்.

தலைவரை எப்படி வழியனுப்புவது என்று பேச ரசிகர்கள் சலூனில் கூடினார்கள். என் வீட்டுக்காரர் போனார். அவர் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனதால், கொடுக்கும் சாக்கில் நானும் போனேன். சுழல் நாற்காலியில் ஒருவர் கன்னம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தியதால் யாரும் குறுக்கே அதிகம் பேசவில்லை.

"வாசல்ல ஒரு சிலை வைக்கலாம்," என்றார் பஸ் டிரைவர்.

"உசுரோட நிக்கும்போதே கோல் போஸ்ட் தெரியல. இதுல சிலை வேறயா? அதுகிட்டே உக்காருன்னு சொல்லவும் முடியாது," என்றார் மருந்துக் கடைக்காரர். "கேலரிக்கு அவர் பேரை வைப்போம்."

"அதுல டைல்ஸ் கம்பெனிக்காரன் பேர் இருக்கே. பெயிண்ட் அவன்தானே அடிச்சுக் குடுத்தான்."

"அப்ப நல்லதா ஒரு நாற்காலி," என்று என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "அண்ணே, அவரு உக்காந்து நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் டிரைவர். என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு நிமிஷம் எல்லாரும் எழுந்து நிற்கலாம் என்று யாரோ சொல்ல, அது செத்தவர்களுக்குச் செய்வது என்று தள்ளுபடியானது. அப்போதுதான் சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷத்துல அந்த மனுஷனை ஒரு மேட்ச்சாவது நிம்மதியா நிக்க விட்டிருக்கோமா? அவரு காசு, அவரு கிளப்பு, அவரு காலு. கடைசி மேட்ச்ல ஒருத்தரும் கத்தக் கூடாது. முழு ஆட்டமும் நிக்கட்டும். நமக்கு கோல் தெரியலைன்னா பரவாயில்ல. அதுதான் நாம அவருக்குச் செய்யற மரியாதை."

நுரை பூசியிருந்தவர் கண்ணைத் துடைக்கப் போய்க் கண்ணுக்குள்ளேயே சோப்பை அப்பிக்கொண்டார். எனக்கோ சத்தியம் ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம்.

"பழகின சத்தம் திடீர்னு நின்னா அவருக்கு ஒரு மாதிரியா இருக்காதா?" என்று லேசாக இழுத்துப் பார்த்தேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்கதான் முதல்ல வாயை மூடணும்," என்றார் சலூன்காரர். எழுந்த சிரிப்பு என் கருத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது.

கடைசி ஆட்டத்தன்று காலையில் தூண் முடிவெட்டிக்கொள்ளச் சலூனுக்குப் போயிருக்கிறார். பின்கழுத்தில் கத்தி போடும்போது சலூன்காரர் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, இன்னைக்கு உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கோம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனிதர் தேய்த்த கோட்டில், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கேலரிக்கு வந்து சேர்ந்தார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலில் இரண்டு அணிக்கும் இடம் மாறாது. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் தேவலை என்பதுபோல் ஆடினார்கள். ஒருவழியாகப் பந்து நடுக்கோட்டைத் தாண்டியது. தூண் எழுந்தார்.

சத்தமே இல்லை.

மன்னிப்புக் கேட்கப் பாதி தூக்கிய கை அப்படியே நின்றது. எங்கே வைப்பதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டார். சற்று நேரம் பார்த்துவிட்டுத் தானாகவே உட்கார்ந்தார். அடுத்த முறை எழுந்தவர் காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து, இன்னும் அகலமாக நின்று பார்த்தார். சலூன்காரர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். டிரைவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் மனிதர், ஒரு பொட்டு மழையில்லாத வானத்துக்குக் கீழே, குடையை விரித்துப் பிடித்தார். எங்களுக்கு மைதானத்தில் கால்வாசிகூடத் தெரியவில்லை. அப்போதும் யாரும் மூச்சுவிடவில்லை.

"எவ்வளவு பெரிய மனசு நமக்கு," என்று டிரைவர் என் வீட்டுக்காரர் காதில் கிசுகிசுத்தார்.

தூண் குடையை மடக்கி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பந்து தாண்டியது, எழவில்லை. எங்கள் ஆள் பந்தோடு கோல் கம்பத்துக்கு முன்னாலேயே போய்விட்டான், அப்போதும் எழவில்லை. எங்கள் ஆட்டக்காரர்களின் லட்சணத்தை நாங்கள் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பந்து கார் நிறுத்துகிற இடத்துக்குப் பறந்தது.

"இவன் எப்பவும் இப்படித்தான் அடிப்பானா?" என்றார் சலூன்காரர், நொந்துபோய். "இத்தனை நாளா நமக்குத் தெரியாம நல்லா ஆடறான்னு இல்ல நினைச்சேன்."

இடைவேளை விசில் அடித்ததும் தூண் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியிடம் ஏதோ சொன்னார். கிளம்புகிறார் என்று புரிந்தது. "டீ வாங்கிட்டேன், குடிச்சிட்டுப் போலாம்," என்று அவள் ஒரு டம்ளரை அவர் கையில் திணித்தாள். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லித் தொலைங்க என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். வேறு அர்த்தமும் இருந்திருக்கலாம். எனக்கு இதுதான் வசதியாக இருந்தது.

சலூன்காரரைப் படியோரம் இழுத்துப் போய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வாய்க்குள் இருந்தது இறங்கியதில் காலே லேசாகிவிட்டது.

அவர் நம்பவில்லை. "போன மாசம் பல் டாக்டர் வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடப் போறாருன்னு சொன்னீங்க. போய்ப் பாத்தா மனுஷன் சுவருக்கு வெள்ளையடிச்சிக்கிட்டிருக்காரு."

"அது வேற விஷயம். இப்ப அவரைப் பாருங்க."

பார்த்தார். ஊர்க் கழுத்தெல்லாம் கைக்குள் வந்து போகிற மனிதர் அவர். யார் எப்படித் தலையைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். காலையில் அவர் கத்தி போட்டு அனுப்பிய கழுத்து, இப்போது கோட்டுக் காலருக்குள் பாதி இறங்கிக் கிடந்தது.

"அடக் கடவுளே. நான் வேற ஒண்ணு வச்சிருக்கோம்னு சொல்லி அனுப்பினேனே," என்றார்.

"இப்பக் கத்துங்க."

"எப்படிக்கா? உக்காந்திருக்கிறவரைப் பாத்து உக்காருன்னு எப்படிக் கத்துவேன்?"

அதுவும் சரிதான். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. தூண் ஆறிப்போன டீயைக் கடைசி வாய் குடித்து, டம்ளரைக் காலடியில் வைத்தார். மடியில் குடை தயாராக இருந்தது. சலூன்காரர் தன் இடத்துக்குப் போய் முன்னால் குனிந்தார்.

"அண்ணே, என் சீப்பு உங்க சீட்டுக்கு அடியில விழுந்திருச்சு. கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

"சீப்பா?" தூண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். எழுந்து, பின்பக்கம் திரும்பி, சீப்பைத் தேடிக் குனியப் போனார்.

சலூன்காரர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "உக்காருய்யா!"

கேலரியில் யாரும் யோசிக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் கைகள் தானாக மூன்று தட்டுத் தட்டின. மௌன விரதம், பெரிய மனசு எல்லாம் காற்றில் போயிற்று. பாதி ஆட்டம் அடக்கி வைத்திருந்த தொண்டைகள் மொத்தமாகத் திறந்துகொண்டன. "உக்காரு, உக்காரு, உக்காருய்யா!" என்று கத்தியதில் டைல்ஸ் கம்பெனிக்காரன் அடித்த பெயிண்ட் உதிர்ந்திருந்தால்கூட ஆச்சரியமில்லை. என் வீட்டுக்காரர், வீட்டில் குழம்புக்கு உப்பு போதவில்லை என்பதையே இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறவர், பெஞ்சு மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்.

தூண் அப்படியே எங்களைப் பார்த்து நின்றார். இத்தனை வருஷமாக நாங்கள் பார்த்தது அவர் முதுகைத்தான். நாங்கள் கத்தும்போது அந்த முகம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் சம்பந்தமில்லாதவள்போல் மைதானத்தைப் பார்த்தாள்.

தூண் ஒரு கையை உயர்த்தினார். எங்களுக்குப் பதிலே சொல்லாதவர் அன்றைக்குச் சொன்னார்.

"முடியாதுய்யா."

கேலரி இன்னும் பலமாகக் கத்தியது. அவர் சிரித்துக்கொண்டு, குடையை ஊன்றி, நின்றார். நாங்கள் கத்த, அவர் நிற்க, அப்படியே போய்க்கொண்டிருந்தபோது மேற்கு கேலரியில் திடீரென்று ஒரு பெரிய ஆரவாரம் கிளம்பியது. கோல்.

"யார் போட்டது?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"எனக்குத் தெரியலையே. உங்களுக்கு?" என்று டிரைவர் சலூன்காரரைக் கேட்டார்.

"தூண் மறைச்சிருச்சுய்யா," என்றார் சலூன்காரர். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மாலை என் மாடி ஜன்னலில் நான் நின்றதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது, நின்றேன், அவ்வளவுதான். எதிர்வீட்டு மேசையில் தூண் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தட்டில் இரண்டாம் தரம் விழுந்தது. கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார், அவள் சிரித்தாள். அப்புறம் அவள் கண் ஜன்னல் வழியாக நேரே என்மேல் வந்து நின்றது. சத்தியத்தைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கோபமாகப் பார்க்கிறாளா, வேறு எப்படியாவது பார்க்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, கேலரியில் நடந்ததை நடித்துக் காட்டுவதற்காக மனிதர் எழுந்துவிட்டார். அந்தப் பழுப்புக் கோட்டு முதுகு ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டது. அவள் முகம் தெரியவில்லை, மேசை தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை.

என் கை தானாகவே ஜன்னல் கட்டையில் மூன்று தட்டுத் தட்டியது.