பின் சீட்டில் பஸ் டிரைவர்

பதினான்காம் நாள் காலை, மலையடிவாரத்து ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரி வாசலில் ஏழு சைக்கிள்கள் வந்து நின்றன. கடைசியாக வந்தது இரட்டை சைக்கிள். அதன் முன் சீட்டில் இருந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது, தொழில் லிஃப்ட் ரிப்பேர். முட்டி இரண்டும் விண் விண் என்று தெறித்தன, மூக்கின் தோல் வெயிலில் உரிந்து தொங்கியது. ஆனாலும் வாயெல்லாம் பல். அவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் ஆள் இல்லை.

அந்தக் காலி சீட்டைச் சுமந்துகொண்டுதான் அவர் பாதி நாட்டைத் தாண்டி வந்திருந்தார். ஒரு கடற்கரையில் கிளம்பி இன்னொரு கடற்கரையில் முடிக்க வேண்டிய பயணம். மொத்தம் இருபத்தோரு நாள். புற்றுநோய் வைத்தியத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுருண்டு படுக்காமல் தங்குவதற்கு ஒரு வீடு கட்ட வேண்டும், அதற்குப் பணம் திரட்ட ஏழு பேர் ஊர் ஊராக மிதித்தார்கள். குழுவுக்குத் தலைவி அவருடைய மகள், புற்றுநோய் வார்டு நர்ஸ். வீட்டில் அவள் பாப்பா. ரோட்டில் கேப்டன்.

இரட்டை சைக்கிள் யோசனை மட்டும் அவருடையது. ஒரு வருடத்துக்கு முன் மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு டீச்சர் தனியாக இருந்தார். இவர் கூரைமேல் ஏறி வேலை பார்த்தபடியே, அந்த அம்மா பயப்படாமல் இருக்க முக்கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்தார். "ரெண்டு மாசமா இந்தப் பெட்டியில மேலயும் கீழயும்தான் போயிட்டு இருக்கேன். எங்கேயாவது நேரா போனா நல்லா இருக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அது அவர் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மகளின் சைக்கிள் பயணத்துக்கு ஆள் சேர்ந்தபோது, வெல்டிங் பட்டறைக்காரரைப் பிடித்து இரண்டு பழைய சைக்கிள்களை ஒன்றாக்கிக்கொண்டு வந்து நின்றார். போகிற ஊரிலெல்லாம், டாக்டர் சம்மதித்த ஒரு நோயாளி பின் சீட்டில் ஏறலாம். முந்தின ஊரில் ஒரு தபால்காரர் ஏறி, மூன்று சுற்றுக்குப் பிறகும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்திருந்தார்.

இந்த ஊரில் ஏறப்போவது பஸ் டிரைவர். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. பதினெட்டு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஆறு கீமோவில் நாலு முடிந்திருந்தது. முடி போன தலையில் பச்சை நிறத் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். டயரைக் காலால் தட்டினார்.

"தரை சமமா இருக்கு. காம்பவுண்டுக்குள்ள ஒரு ரவுண்டு. ஒண்ணே ஒண்ணு" என்றார் டாக்டரம்மா, விரலை உயர்த்திக் காட்டி.

"சரிங்க டாக்டர்" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார் பஸ் டிரைவர். உட்கார்ந்ததும் குரல் மாறிவிட்டது. "அண்ணே, இதுல ஹார்ன் எங்க?"

"மணிதான் தங்கச்சி. அது என்கிட்ட இருக்கு."

"பிரேக்?"

"அதுவும் என்கிட்டதான்."

"அப்போ எனக்கு என்னதான் வேலை?"

"மிதிக்கிறது."

"ஒருத்தர் முதுகைப் பார்த்துக்கிட்டு வண்டியில போறது எனக்கு இதுதான் முதல் தடவை. சரி, எடுங்க."

வண்டி நகர்ந்தது. மருந்துக் கடையைத் தாண்டுவதற்குள் உத்தரவுகள் பறக்க ஆரம்பித்தன. "வளைவுல இவ்வளவு ஒட்டாதீங்க. முன்னாடி பள்ளம். அந்த ஸ்ட்ரெச்சர்காரரு திரும்பப் போறாரு, மணி அடிங்க. அடிங்கண்ணே!" லிஃப்ட்காரர் அடித்தார். பதினாலு நாளாக வெறும் இரும்பாக இழுத்துவந்த வண்டி, பின்னால் இரண்டு கால் சேர்ந்ததும் துள்ளியது. வார்டு ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன, யாரோ கை தட்டினார்கள். சுற்று முடியும் இடத்தில், ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்ததால் வாசல் கேட் விரியத் திறந்து கிடந்தது.

"அண்ணே, நேரா போங்க."

"தங்கச்சி, டாக்டர் ஒரு ரவுண்டுன்னு..."

"டிப்போ கீழதான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் அங்க மெக்கானிக். எனக்கு உடம்புக்கு வந்ததிலேருந்து கண்ணாடிப் பாத்திரம் மாதிரி என்னைக் கையில வெச்சுத் தாங்கறாரு. ஒரு சண்டை கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது. அவர் என்னை இப்படிப் பார்க்கணும். போங்கண்ணே, ப்ளீஸ்."

லிஃப்ட்காரர் வீட்டில் மனைவி, ரோட்டில் மகள் என்று பெண்கள் பேச்சைக் கேட்டே பழகியவர். யோசிப்பதற்குள் கை ஹேண்டில்பாரைத் திருப்பாமல் விட்டுவிட்டது. வண்டி கேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கியது.

அப்புறம் நடந்ததெல்லாம் காற்று. பழக்கடை போனது, பள்ளிக்கூடம் போனது, தையல் கடை போனது. பின்னாலிருந்து பஸ் டிரைவர் தெரிந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எதிரே ஏறி வந்த ஒரு பஸ் சட்டென்று வேகம் குறைத்தது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அக்கா! நீங்களா!" என்று அலறி, ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. லிஃப்ட்காரருக்கும் தொண்டை வரை சிரிப்பு ஏறி, அவரும் காரணமில்லாமல் கத்தினார்.

டிப்போவுக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தத்தை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நின்றிருந்த பஸ்களிலெல்லாம் ஏறி ஆளாளுக்கு ஹார்ன் அடித்தார்கள். என்ன கலாட்டா என்று ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து ஒருவர் மல்லாந்தபடி நகர்ந்து வெளியே வந்தார். எழுந்து நின்றார். மனைவியைப் பார்த்தார். ஓடி வந்தவர் இரண்டடி தூரத்தில் சடக்கென்று நின்றுவிட்டார். கையெல்லாம் கருப்பு கிரீஸ். அழுக்குக் கையால் அவளைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சரணடைந்தவர் மாதிரி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "நீயாடி? நீயா மிதிச்சு வந்தே?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் கை இல்லை.

அப்போது பின்னால் ஒரு பிரேக் கிறீச்சிட்டது. கேப்டன். முகம் சிவந்து போயிருந்தாள். அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள், உள்ளங்கை, முழங்கை, கால் என்று எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று தேடினாள். பின்னாலேயே குழுவின் வேனும் வந்துவிட்டது.

"நீங்க வேன்ல வரீங்க" என்றாள்.

"சரி சிஸ்டர்." பஸ் டிரைவருக்கும் மூச்சு வாங்கியது, மறுக்கவில்லை. வேனின் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தலையை வெளியே நீட்டினார். "ஏங்க, சும்மா நிக்கறீங்களே? அண்ணன் ஒத்தையா இந்த மேட்டுல ஏறணுமா? கையைத் துடைச்சுட்டுப் பின்னாடி ஏறுங்க!"

மெக்கானிக் ஏறினார். ஏறி ஒரு மிதி மிதித்தாரோ இல்லையோ, செயின் முனகியது, லிஃப்ட்காரரின் கால்கள் தாமாகச் சுழன்றன. நாலு மாதமாக அந்த மனிதர் அடக்கி வைத்திருந்த பலமெல்லாம் பெடலில் இறங்கியது. வேன் முன்னால் மெதுவாக ஏற, ஜன்னலிலிருந்து பஸ் டிரைவர் இரண்டு பேரையும் ஓட்டினார். "கியரைக் குறைங்கண்ணே! ஏங்க, ஆடாம உக்காருங்க, வண்டி ஆடுது!"

"உன் வேலையைப் பாரு! எனக்கு மிதிக்கத் தெரியும்!" என்று மெக்கானிக் கீழேயிருந்து கத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு ரவுண்டுன்னு நான் சொன்னது இந்த ஊரைச் சுத்தியா?"

"நான்தான் டாக்டர் போகச் சொன்னேன். அவரைத் திட்டாதீங்க" என்றார் பஸ் டிரைவர். அவரைப் பரிசோதனைக்கு உள்ளே அழைத்துப்போனார்கள்.

அதன் பிறகுதான் மகள் அப்பாவிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அவங்களுக்குப் பிளேட்லெட் கம்மிப்பா. கீழே விழுந்து தலையில ஒரு அடி பட்டிருந்தா ரத்தம் நின்னிருக்காது. சமதளத்துல ஒரு ரவுண்டுன்னு டாக்டர் அளந்து சொன்னது அதுக்குத்தான்."

"அவங்க கேட்டாங்கம்மா..."

"கேக்கத்தான் செய்வாங்க. அவங்களுக்கு ஆசை. பிரேக் உங்க கையிலதானே இருந்தது?"

லிஃப்ட்காரர் முப்பது வருடம் ஆளை ஏற்றும் பெட்டிகளோடு வாழ்ந்தவர். ஒரு கயிறு சரியில்லை என்றால் எத்தனை பெரிய மனிதர் வந்து கெஞ்சினாலும் லிஃப்டைத் திறந்துவிட்டதில்லை. டாக்டரம்மாவின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "புரிஞ்சா சரி."

மறுநாள் கணவாய். இருபத்தேழு கிலோமீட்டர் ஏற்றம். மகள் முன்னால் போனாள். தண்ணீர் குடிக்க நின்ற இடங்களில் குப்பியை மட்டும் நீட்டினாள். காலி சீட்டோடு அந்த இரும்பு முந்தின நாளைவிட இரண்டு மடங்கு கனத்தது. வளைவுக்கு வளைவு லிஃப்ட்காரர் தன்னையே திட்டிக்கொண்டு மிதித்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு உச்சியில் எல்லோரும் தரையில் சாய்ந்தபோது கேப்டனின் போன் அடித்தது. கேட்டுவிட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"அண்ணே! ஏறிட்டீங்களா?" அதே குரல். "டாக்டர் எல்லாம் பார்த்துட்டாங்க. காய்ச்சல் இல்ல, அடி இல்ல. அஞ்சாவது கீமோ சொன்ன தேதியிலேயே போடறாங்க."

"தங்கச்சி, நேத்து நான் செஞ்சது..."

"அதை விடுங்க, நான் நேத்தே டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இதைக் கேளுங்க. நேத்திலேருந்து எங்க வீட்டுக்காரர் என்கூடச் சண்டை போட்டுட்டே இருக்காரு! நான் கியரைப் பத்திச் சொன்னது தப்பாம். பழைய மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கத்தறாரு. வீடு வீடா இருக்கு அண்ணே!" பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் ஏதோ மறுத்துக் கத்தியது. போன் கட்டானது.

லிஃப்ட்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார். மகள் எழுந்து தன் சைக்கிளை வேனின் மேலே ஏற்றிக் கட்டச் சொன்னாள். பிறகு வந்து இரட்டை சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"என்ன பாப்பா?"

"இறக்கத்துல உங்களைத் தனியா விட முடியாது. நேத்துச் செஞ்சது தப்புதான்பா."

"தப்புதான்மா."

"ஆனா அந்த ஆள் ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னாரே..." அவர் முதுகில் நெற்றியை ஒரு முறை முட்டினாள். "எடுங்க. பிரேக்கை மட்டும் பார்த்து."

இறங்கினார்கள். முதல் வளைவில் அவர் இரண்டு பிரேக்கையும் பக்குவமாகப் பிடித்துக் கொடுத்தார், வண்டி சொன்னபடி கேட்டது. இரண்டாவது வளைவுக்கு அப்பால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரேயடியாகத் திறந்தது. அத்தனை பச்சை, நடுவில் கோடு கிழித்தது போல ஆறு. நேர்ப்பாதை வந்ததும் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினார். காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது, கண்ணில் நீர் தெறித்தது, சக்கரம் ரீங்காரமிட்டது. பதினைந்து நாளாக எல்லோரையும் அதட்டி மேய்த்த கேப்டன், ஏழு வயதில் முதல் தடவை ராட்டினத்தில் ஏறியபோது போட்ட அதே கூச்சலைப் போட்டாள். "அப்பாஆ! இன்னும் கொஞ்சம்!"

"முடியாது! டாக்டர் ஒரு ரவுண்டுதான் சொல்லியிருக்காங்க!" என்று அவர் திருப்பிக் கத்தினார். பின்னால் வந்த ஐந்து பேரும் சிரித்த சிரிப்பு மலையில் முட்டித் திரும்பியது.

இருபத்தோராம் நாள் அவர்கள் கடலைத் தொட்டார்கள். ஏழு சைக்கிள்களும் அலையில் முன்சக்கரம் நனைத்து நின்றன. ஆறாவது கீமோவும் முடிந்து, உடம்பு தேறி, பஸ் டிரைவர் வேலைக்குத் திரும்பியபோது கேப்டன் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு எதிரே, நோயாளிகள் தங்கும் அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் அவரைச் சமதளத்து ரூட்டில்தான் போட்டார்கள். மூன்றே மாதத்தில், மேலதிகாரியோடு ஒரு பெரிய சண்டை போட்டு, மலை ரூட்டைத் திரும்ப வாங்கிவிட்டார்.