யாருக்கும் நஷ்டமில்லை

நகரத்தின் பதினொரு சின்ன ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டு, நடுவில் ஒரே பெரிய ஆஸ்பத்திரி கட்டுவது என்று அரசாங்கம் திட்டம் போட்டிருந்தது. அதனால் மக்களுக்கு மொத்தத்தில் எவ்வளவு நன்மை என்று கணக்கிட்ட அறிக்கை, புள்ளிவிவர அதிகாரியின் மேசைக்குக் கையெழுத்துக்காக வந்தது. அவள் இரண்டு முறை படித்தாள். ஆண்டுக்கு முந்நூறு உயிர் கூடுதலாகப் பிழைக்கும். எந்த வீட்டிலிருந்தும் இருபத்திரண்டு நிமிடத்தில் போய்ச் சேரலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

யாருக்குமேவா?

"சாயங்காலத்துக்குள்ள வேணும்மா" என்றார் இயக்குநர். எதற்கும் அவசரப்படாத மனுஷர். இருபத்திரண்டு நிமிடம் என்று அளந்த தாள்களைப் பிரிவு எழுத்தரிடம் அவள் கேட்டாள்.

"அதெல்லாம் பெரியவங்க பாத்தாச்சு மேடம்" என்று அவர் அலமாரிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரி கட்டப்போகும் காண்ட்ராக்டரிடம் யாரோ காசு வாங்கியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஊர்க்கோடியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவுக்கு ஆஸ்துமா. சின்ன ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. அங்கிருந்து, பெரிய ஆஸ்பத்திரி வரப்போகும் மைதானத்துக்குப் பஸ் ஏறினாள். இரண்டு பஸ் மாறி இறங்கியபோது ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது.

அலுவலக வாசலில் டிரைவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு யார் அளந்தாங்க?"

"நம்ம வண்டிதாம்மா. ஞாயித்துக்கிழமை காலைல. ரோட்ல ஈ காக்கா இல்ல, பறந்துட்டோம்ல!"

அவள் நேரே இயக்குநர் அறைக்குப் போய்ப் பஸ் டிக்கெட்டுகளை வைத்தாள். கேட்டு முடித்ததும் அவர் நிமிர்ந்தார்.

"என் மேல சந்தேகமா?"

"ஆமா சார்."

"நான் யார்கிட்டயும் கை நீட்டலம்மா. பஸ்ல ஏறிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு, அதான் தப்பு. திரும்பக் கணக்குப் போடு."

அவர் சொன்னது உண்மையா என்று கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை.

பஸ் நேரத்தைச் சேர்த்து மூன்று வாரம் கணக்குப் போட்டாள். நாலு ஆஸ்பத்திரிகள் தப்பின. மீதி ஏழு ஆஸ்பத்திரிகளை மூடினால்தான் அதிக உயிர் பிழைக்கும் என்று வந்தது. அந்த ஏழில் அக்கா பேட்டை ஆஸ்பத்திரியும் ஒன்று. தன் கணக்கையே நம்பாமல் மறுபடி மறுபடி சரிபார்த்தாள். எங்காவது ஒரு பிழை இருந்துவிடாதா என்றிருந்தது. இல்லை. ஏழு இடத்துக்கும் மருத்துவ வேன் விட வேண்டும் என்று சேர்த்து, 'யாருக்கும் நஷ்டமில்லை' என்ற வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்கா அவளை வாசலிலேயே மறித்தாள்.

"உன் கையெழுத்து இருக்குதாமே?"

"இருக்குக்கா. சரியாத்தான் போட்டேன்."

"வேலைய காப்பாத்திக்கவா?"

"சத்தியமா இல்லக்கா."

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பின மாதிரி தெரியவில்லை.

"வேன் எப்ப வரும்?"

"காலைல எட்டு, சாயங்காலம் நாலு."

"எனக்கு நடுவுல மூச்சு இழுத்தா?"

அக்கா வழிவிட்டு நகர்ந்தாள். உள்ளே வா என்று மட்டும் சொல்லவில்லை.