எல்லாத்துக்கும் ஆமாம்

அவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் குறுக்குக்கேள்வி. டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேரை ஃபெயிலாக்கி அனுப்பிய இன்ஸ்பெக்டர். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கேள்வியெல்லாம் வீட்டுக்காரம்மா தலையில் விடிந்தது. எண்பத்தொரு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்களிடம், "திருப்பத்துல இவ்வளவு வேகமா?" என்று கேட்டபடியேதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். குசும்பைப் பாருங்கள்!

மயக்க மருந்து டாக்டர் வீட்டுக்காரம்மாவைத் தனியே அழைத்தார்.

"ஒளிக்காம சொல்றேன்மா. ஐயாவுக்கு இதய வால்வு சுருங்கியிருக்கு. நுரையீரலும் பலவீனம், சர்க்கரை வேற. முழுசா மயக்கினா நுரையீரல் தாங்காது. முதுகுல ஒரே ஊசியா போட்டா பிரஷர் மளமளன்னு இறங்கி இதயம் தாங்காது."

"முன்னால போனா முட்டுது, பின்னால போனா உதைக்குது. அப்போ என்னதான் பண்றது?"

"முதுகுல மெல்லிசா ஒரு குழாய் வச்சு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வைக்கிறேன். முழிச்சுட்டுதான் இருப்பார். ஆனா எப்படிச் செஞ்சாலும் இந்த வயசுல அப்புறம் புத்தி தடுமாறலாம். நிறைய பேருக்குத் தெளிஞ்சிடும். சிலருக்குப் பழையபடி வராது."

வீட்டுக்காரம்மா அந்தக் கடைசி வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். உயிரோடு வந்து, தன்னைப் பார்த்து 'யாரும்மா நீங்க?' என்று மரியாதையாகக் கேட்டுவிட்டால்? ஆனால் பயத்தை அவரிடம் காட்டுவாளா? அதட்டலாகத்தான் வந்தது.

"இங்க பாருங்க. உள்ள யார் எதைக் கேட்டாலும் 'ஆமாம்'னு மட்டும் சொல்லுங்க. குறுக்கே பேசி அவங்களைப் படுத்தி எடுக்காதீங்க."

ஐம்பத்து மூன்று வருஷமாகச் செவிடன் காதில் ஊதிய சங்குதான். சொல்லிவிட்டு அப்போதே மறந்தும் போனாள்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம். பிரஷர் இம்மியும் பிசகவில்லை என்று டாக்டர் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார். வார்டில் நர்ஸ், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"ஐயா, கல்லு தண்ணியில மிதக்குமா?"

"ஆமாம்."

"ரெண்டு கிலோவை விட ஒரு கிலோ கனமா?"

"ஆமாம்."

நர்ஸ் முகம் மாறியது. டாக்டர் வந்து திரும்பக் கேட்டார். கல் மறுபடியும் மிதந்தது. வீட்டுக்காரம்மா கட்டிலருகே ஓடி வந்தாள். போச்சு, எல்லாம் போச்சு. இந்த மனுஷன் ஒரு பேச்சுக்குக்கூட யார் சொன்னதையும் ஒத்துக்கொண்டதில்லையே! கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏங்க, ஞாபகமிருக்கா? பொண்ணு பாக்க வந்தப்போ, பிடிச்சிருக்குன்னு நீங்கதானே முதல்ல சொன்னீங்க?"

அவர் உதடு 'ஆ' என்று பிரிந்தது. அங்கேயே நின்றது. நெற்றி நரம்பு புடைத்தது.

"நானா? அடியே, நீ சொன்னியேன்னு கல்லைக்கூட மிதக்க விட்டேன். இதுக்கும் ஆமாம் போடணுமா? முதல்ல சொன்னது நீ! அதுவும் எங்க அம்மாகிட்ட!"

டாக்டர் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரம்மாவுக்கு அப்போதுதான் தன் புத்திமதி ஞாபகம் வந்தது. அட பாவி மனுஷா, போயும் போயும் இன்றைக்கா என் பேச்சைக் கேட்கணும்! அழுகையும் சிரிப்புமாக அவர் தலையைத் தடவினாள். சந்தோஷத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை.

"ஆமாங்க, நான்தான் முதல்ல சொன்னேன். நீங்க சொன்னதுதான் சரி."

ஐம்பத்து மூன்று வருஷச் சண்டை அது. அவர் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு கலவரத்தோடு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், என்னை விடுங்க. முதல்ல இவளைப் பாருங்க. இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு!"