அரைத் தலைக்கட்டு

எங்கள் ஊரில் ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் தலைவனாக இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. அதில் இரண்டு பேர் இருந்தாலும் ஒரே வரி, பதினோரு பேர் இருந்தாலும் ஒரே வரி. ஆனால் ஆடு வெட்டிக் கறி பிரிக்கும்போது மட்டும் ஆள் தலையை எண்ணிக் கூறு போடுவார்கள். இதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள், மாமனார் மாமியாரும் உண்டு. பெரிய குண்டானோடு போய் வாங்கி வருவேன்.

குறை தெரிந்தது முத்துமாரிக்கு. அவள் எனக்குப் பக்கத்து வீடு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்துத் தையல் மிஷினும் அவள்தான். வீட்டுக்காரர் செந்தில்குமாருக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. பிள்ளை இல்லை. வேலூரில் போகாத ஆஸ்பத்திரி இல்லை என்று ஆனபிறகு அந்தப் பேச்சையே இருவரும் விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் பிள்ளை உள்ள நாங்கள் பர்மிஷன் போட்டுக் கிளம்பினால் எங்கள் வேலையெல்லாம் அவள் மிஷினுக்குப் போகும். "உனக்கு வூட்ல யாரு அழுவுறாங்க? நீ இரு" என்பார் சூப்பர்வைசர். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்ததும் முத்துமாரி ஆரம்பித்துவிடுவாள்.

"சோப்பு வாங்குனா வரி, செருப்பு வாங்குனா வரி. நானுந்தான் கட்றேன். காலைல டிபன், சைக்கிளு, பஸ் பாஸு எல்லாம் உங்க புள்ளைங்களுக்கு. எனக்கு இன்னாடி குடுக்கறாங்க?"

"புள்ளைங்க படிச்சா நாளைக்கு எல்லாருக்குந்தான நல்லது," என்பேன்.

"படிக்கட்டும், யாரு வேணான்னா? ஆனா இவளும் சேந்து கட்றாளேன்னு யாராவது ஒரு வார்த்த சொல்றீங்களா?"

நான் குழம்பை ஊற்றிக்கொள்வேன். சொன்னால் குறைந்தா போய்விடும்? ஆனாலும் சொன்னதில்லை.

இந்த வருஷம் திருவிழா வரி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். கேட்கச் சொல்லி முத்துமாரி வீட்டுக்காரரைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. கடைசியில் இவளே எழுந்தாள்.

"கவர்மெண்ட்டக் கேக்க முடியாது. உங்களக் கேக்கலாம் இல்ல? ஒண்ணு, வரியையும் தலைக்கு இவ்ளோன்னு போடுங்க. இல்லாட்டி கறிய வூட்டுக்கு சமமாப் பிரிங்க."

கூட்டம் கொதித்தது. பெரிய குடும்பக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எழுந்து அவள் கேட்பது நியாயம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

தர்மகர்த்தா கோதண்டராமன் கையைத் தூக்கி அடக்கினார். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ரிட்டயர் ஆனவர். யார் என்ன குறை சொன்னாலும் அவர் மனசு முதலில் கன்செஷனைத்தான் தேடும். நல்ல மனுஷன், அதுதான் தொந்தரவு.

"புருஷன் இல்லாத வூடுங்களுக்கு அரை வரிதான வாங்கறோம்? அதே மாதிரி இவங்களையும் அரைத் தலைக்கட்டுன்னு வச்சிக்கலாம். பாவம், வாரிசு இல்லாத வூடு."

புருஷன் பக்கத்தில் இருக்கிறவளுக்கு விதவை வீட்டுக் கணக்கா என்று எனக்குப் பகீரென்றது. கூட்டத்துக்கோ பாரம் இறங்கியது. சரி, சரி என்று நாலா பக்கமும் குரல் வந்தது. முத்துமாரி வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லதுங்க," என்றார். பாதி மிச்சம் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"நான் பாதி கேக்கல. சமமாக் கேட்டேன்," என்றாள் முத்துமாரி. அதற்குள் கோதண்டராமன் மைக் செட்காரனைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

திருவிழா அன்று காலை அம்மன் எங்கள் தெருவுக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூசாரி தலைவன் பெயரைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைத்து, வீட்டுப் பெண்களுக்குக் குங்குமம் கொடுப்பார். அரைத் தலைக்கட்டு வீடுகளில் கூப்பிட ஆண் இல்லை. அங்கே பெண்ணின் பெயரைச் சொல்லி, விபூதியை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் பெண்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று நான் அதுவரை கவனித்ததே இல்லை.

செந்தில்குமார் புது வேட்டி கட்டி, தேங்காய்த் தட்டோடு முன்னால் நின்றார். பூசாரி வரிச் சீட்டில் 'அரை' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அவரைத் தாண்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"முத்துமாரி!"

அவள் கையை நீட்டினாள். விபூதி விழுந்தது. குங்குமத் தட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

"யோவ் பூசாரி! நான் இன்னா செத்தா போய்ட்டேன்?" என்று கத்தினார் செந்தில்குமார்.

மேளம் நின்றது. யாரோ சிரித்தார்கள், பிறகு தெருவே சிரித்தது. முத்துமாரி சிரிக்கவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அன்னிக்குத் தலையாட்டுனியே, அப்ப எனக்கு இப்டித்தான் இருந்துச்சு," என்றாள்.

அவர் தட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். பணத்தோடு வந்து, அம்மன் கூடவே வந்த கோதண்டராமன் கையில் திணித்தார். "மீதிப் பாதி. முழு வரி கட்டிட்டேன். எம்பேரக் கூப்பிடச் சொல்லுங்க."

கோதண்டராமனுக்குப் பரம திருப்தி. அம்மனைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். மைக்கில் செந்தில்குமார் பெயர் கணீரென்று கேட்டது. தேங்காய் உடைந்தது, முத்துமாரிக்குக் குங்குமமும் கிடைத்தது.

சாயங்காலம் கறி பிரித்தார்கள். வழக்கம்போல் தலைக்குத்தான். நான் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். செந்தில்குமார் ஒரு சின்னச் சட்டியில் இரண்டு கூறு வாங்கி வந்தார். முத்துமாரி வாசலில் நின்று வாங்கிப் பார்த்தாள். என் குண்டானிலிருந்து ஒரு கை அள்ளிப் போடலாமா என்று நினைத்தேன். அதைப்போல அவளுக்கு அவமானம் வேறு இருக்காது என்று சும்மா இருந்துவிட்டேன்.

"முழு வரி கட்டுனியே. கறி கம்மியா இருக்குதேன்னு கேட்டியா?" என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் அடுப்பு பற்றவைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டார்.