கொலுசு கட்டிய இடம்

...மேலேயே பார்க்கிறான், இவனுக்குப் பார்க்க உலகத்தில் வேறு எதுவுமே கிடைக்கவில்லையா, நான் குனிந்து மூக்கோடு மூக்கு உரசினாலும் என் தோளைத் தாண்டிப் பரணைப் பார்த்துச் சிரிக்கிறான், பல் முளைக்காத இந்தச் சிரிப்பே எங்களை லாரியில் ஏற்றிவிடும் போலிருக்கிறது. பரணில் விறகுக்குப் பின்னால் படுத்திருக்கிற அப்பன்காரன் சும்மா கிடந்தால்தானே, விறகுச் சந்தில் விரலை ஆட்டுகிறான், கண்ணை உருட்டுகிறான்... சயாமில் ரயில் ரோடு போடுகிற இடத்திலிருந்து காட்டு வழியே ஓடிவந்த மனுசனுக்குப் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையாம். ஜப்பான்காரன் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது பிள்ளை வயிற்றில், வந்தபோது தொட்டிலில், ஆசை இருக்காதா, இருக்கும்தான், ஆனால் தோட்டத்து மண்டோர் ஆள் தேடி வருகிற நேரத்தில் பயல் இப்படி அண்ணாந்து சிரித்தால்? என் புருசன் சன்னாசியை மறுபடி சயாமுக்கு அனுப்புவார்களாம், அதுவும் ஜப்பான்காரன் அடித்தது போக மிச்சம் இருந்தால்.

வீட்டுச் சாமானெல்லாம் பிள்ளைக்காக வேலை மாறிப்போயிற்று. ரப்பர் பால் பிடிக்கிற மங்கு கஞ்சிக் கிண்ணமாயிற்று, பால்வாளியில் குளியல், கிழிந்த வேட்டி அணையாடை, மாமியார் கப்பலில் கொண்டுவந்த கூறைச் சேலை தொட்டில். வரிசை வீட்டு லயத்தில் பாதிப் பேர் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிகிற காலத்தில் பட்டில் தொட்டிலா என்று பேச்சு, "சின்ன தொரை பட்டுல படுத்தாதான் தூங்குவாரோ" என்று பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டாள், கேட்கட்டும், கோடி வீட்டு லெட்சுமி, சாமி விளக்கில் பிள்ளைக்கு எண்ணெய் காய்ச்சுவதைப் பசார் வரைக்கும் நான் சொல்லவில்லையா, அதெல்லாம் லயத்தில் நடக்கிறதுதானே. தொட்டிலை வாசல் பக்கமிருந்து பரணுக்கு அடியில் ஏன் மாற்றினாய் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை. கயிறு கிறீச்சிடுகிற சத்தத்தில் சன்னாசியின் இருமல் அமுங்கிவிடும், அதற்குத்தான்... காதுக்கு வழி செய்தேன், கண்ணுக்கு யோசிக்கவில்லையே, என்ன புத்திசாலி நான். அப்புறம்தான் மாமியாரின் வெள்ளிக் கொலுசு ஞாபகம் வந்தது, அடுப்படி மண்ணைத் தோண்டி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துத் தொட்டில் கயிற்றில் கட்டினேன், மாமியார் பார்த்திருந்தால் என் கையை ஒடித்திருப்பாள். யாராவது கேட்டால் பயல் கொலுசைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். பயல் கொலுசை ஒருதரம் பார்த்தான், கிழவன் மாதிரி உதட்டைப் பிதுக்கினான், மறுபடி பரணைப் பார்த்துக் காலை உதைத்தான்.

அந்நேரம் பாஞ்சாலை அக்காவின் கதவுச் சத்தம். லயத்தில் கண்ணை மூடிக்கொண்டே யார் வீட்டுக் கதவு என்று சொல்லிவிடுவேன், அவளுடையது கீல் போனது, தரையைப் பிராண்டிக்கொண்டுதான் திறக்கும், மூடும். தொட்டிலை வேகமாக ஆட்டினேன், மேலே விறகு அசங்காமல் நின்றது. கொட்டாங்கச்சியோடு உள்ளே வந்தாள்.

"நெருப்பு இருக்காடி முத்தாயி? எங்க அடுப்பு அவிஞ்சி போச்சிலா."

"எடுத்துக்கோங்கக்கா."

எடுத்துக்கொண்டு போனாளா, கொட்டாங்கச்சியை அடுப்போரம் வைத்துவிட்டுத் தொட்டிலருகே சப்பணமிட்டு உட்கார்ந்தாள், என்ன கொதிக்கிறது என்று சட்டியைத் திறந்து பார்த்தாள், மரவள்ளிதான் என்றதும் அலுப்போடு மூடினாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "ஆளுக்கு பேரெழுதுற கிராணி எங்கூட்டு மனுசன ஏற எறங்க பாத்துட்டு போறாருடி. சயாமுலேருந்து ஓடியாந்தவன் எவனும் சிக்கலன்னா, ஈடுக்கு இந்த லயத்து ஆம்பளைதானாம்" என்றாள். அவள் புருசன் முருகையா அண்ணன்... மூன்று பிள்ளைக்காரர், ஒரு கால் வேறு இழுக்கும். தொட்டில் கயிற்றை இன்னும் வேகமாக இழுத்தேன்.

அப்போது பார்த்துப் பயல் கெக்கெக்கே என்று சிரித்தான். மேலேயிருந்து பட்டைத்தூள் பொலபொலவென்று பட்டில் உதிர்ந்தது.

"யார பாத்துடா சிரிக்கிற, களவாணி?"

"கொலுசுக்கா. கொலுசதான் பாக்குறான்."

கொலுசைப் பார்த்தாள், பயலின் கண்ணைப் பார்த்தாள், கொலுசு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். எழுந்து பட்டிலிருந்த தூளைத் தட்டிவிட்டாள். பிறகு கொலுசை அவிழ்த்து, எக்கி நின்று, பரண் கட்டையிலேயே கட்டினாள், சரியாகச் சன்னாசி முகம் இருக்கிற சந்துக்குக் கீழே.

"புள்ள பாக்குற எடத்துல கட்டணும்டி. என்னா அம்மாக்காரியோ நீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது கொலுசு ஆடுகிறது, பயல் பார்க்கிறான், எவன் வந்து பார்த்தாலும் கொலுசைத்தான் பார்க்கிறான் என்பான், நல்லதுதான் செய்திருக்கிறாள்... நல்லதா? இல்லை, ஆள் இங்கேதான் என்று அடையாளம் கட்டிவிட்டுப் போனாளா? என் வீட்டுச் சட்டிக்குள்ளெல்லாம் தலையை விடுகிறவள், எக்கி நின்று முடிச்சுப் போட்டபோதுகூட ஒரு விரற்கடை மேலே கண்ணை உயர்த்தவில்லையே, ஏன்? ஒன்றும் தெரியாதவள் தூள் எங்கிருந்து விழுகிறதென்று அண்ணாந்து பார்க்க மாட்டாளா, நானாக இருந்தால் ஏணி கேட்டிருப்பேன். முருகையா அண்ணனின் கால்... நான் அவள் இடத்தில் இருந்தால்? வேண்டாம், அதை நினைக்காதே, தொட்டிலை ஆட்டு. அடுப்போரம் கொட்டாங்கச்சி அப்படியே கிடக்கிறது, நெருப்புக்கு வந்தவள் நெருப்பை எடுக்காமலே போயிருக்கிறாள். கயிற்றை இறுக்கிப் பிடித்து நிறுத்தினேன், சத்தம் வேண்டாம், மேலே அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், கேட்கிறேன், கேட்கிறேன்... பக்கத்து வீட்டுக்கு நாலு எட்டுதான், தரையைப் பிராண்டுகிற அந்தக் கதவுச் சத்தம் இன்னும் வரவில்லை.